பாக்கியத்தின் இடது கை

1

நேற்று என் மகள் பாக்கியத்துக்கு வாத்தியாரம்மா வேலைக்கான காகிதம் கிடைத்தது. காகிதம் வீடு தேடி வராது. நாம்தான் ஆபீசுக்குப் போய் வாங்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணம் ஆகாத பெண் என்பதால் தகப்பனும் வந்து சம்மதம் தர வேண்டுமாம்.

காலையில் ஏற்ற வேண்டிய வண்டிச் சுமையைத் தள்ளிப் போட்டேன். வெளுத்த வேட்டி கட்டினேன். மாட்டு வண்டியிலேயே போனோம். "வாத்தியாரம்மா மாட்டு வண்டியிலயா போய் இறங்கறது?" என்று சிவகாமி கேட்டாள். சிவகாமி என் சம்சாரம். பாக்கியம் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆபீசில் முதல் ஜன்னலில் இரண்டாவது ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவது ஜன்னல்காரர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். மூன்றாவது ஜன்னலில் கண்ணாடி போட்ட கிராணி, அதாவது குமாஸ்தா. நம்மவர்தான். பெரிய புத்தகத்தைப் புரட்டிக் காகிதத்தை எடுத்து வைத்து, இரண்டு இடத்தில் விரலால் தொட்டுக் காட்டினார்.

பாக்கியம் பேனாவை எடுத்தாள். இடது கையால்.

கிராணி உள்ளங்கையால் காகிதத்தை மூடினார்.

"ஏம்மா, இது கவர்மெண்டுக் காகிதம். வலது கையால போடு."

பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைப் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால்தான் நேற்று நடந்தது ஊரில் இருக்கிறவர்களுக்கு விளங்கும். அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பிழை இருந்தால் அச்சுக் கோர்க்கிறவர் திருத்திக்கொள்ளட்டும்.

2

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது எனக்குப் பதினெட்டு வயது. பினாங்கில் இறங்கி நாலு வருஷம் மூட்டை தூக்கினேன். பிறகு வண்டி. கப்பல் கடலில் நிற்கும். தொங்கான் என்கிற பெரிய படகில் அரிசி மூட்டை கரைக்கு வரும். கரையிலிருந்து கிடங்குக்கு மாட்டு வண்டி. அதுதான் என் வேலை. இப்போது லாரி வந்துவிட்டது. சந்துக்குள் லாரி நுழையாது. நான் நுழைவேன்.

சிவகாமி ஊரிலிருந்து வந்தாள். அவள் தம்பி மாரிமுத்துவும் கூடவே வந்தான். அவனை என்னோடு வண்டிக்கு வைத்துக்கொண்டேன். டத்தோ கெராமட் ரோட்டுப் பக்கம், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய பலகை வீடு. பாக்கியம் அங்கேதான் பிறந்தாள்.

எட்டாம் மாசம் பொருளைப் பார்த்துக் கையை நீட்டினாள். இடது கை. விளக்குமாற்றை எடுத்தாலும் இடது கை. கல்லை எறிந்தாலும் இடது கை. மூன்று வயதில் கரித்துண்டால் சுவரில் மாடு வரைந்தாள். நாலு காலும் சரியாக இருந்தன. கழுத்துத் திமிலும் இருந்தது. வந்தவர் யாரும் மாட்டைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்கள்.

இந்த ஊரில் தமிழனும் மலாய்க்காரனும் சீனனும் எதிலும் ஒத்துப்போவதில்லை. சாப்பாடு வேறு, சாமி வேறு, பெருநாள் வேறு. ஆனால் இடது கை என்றால் மூன்று பேரும் ஒரே கட்சி. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளை மாச்சே என்று கூப்பிடுவோம். தங்கமானவள். பலகாரம் கொண்டுவருவாள். பாக்கியம் இடது கையை நீட்டினால் தட்டைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். "தாங்ஙான் கானான், சாயாங்" என்பாள். வலது கை, கண்ணே என்று அர்த்தம். மளிகைக் கடை முதலாளியைத் தவுக்கே என்போம். சீனர். கரண்டிக் காம்பால் அவள் கையில் ஒரு தட்டுத் தட்டுவார். சிரித்துக்கொண்டேதான் தட்டுவார். இருந்தாலும் தட்டுவார்.

ஏன் இப்படி என்பதற்கு ஆளுக்கொரு காரணம்.

மருத்துவச்சி சொன்னாள்: "கிரகணத்தன்னிக்கு நீ காய் நறுக்கியிருப்ப."

சிவகாமி சொன்னாள்: "எந்தக் கிரகணம்? நான் வயித்துல சுமந்த பத்து மாசமும் இங்க மழைதான்."

காயத்துக்கு மருந்து கட்டுகிற ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவர் டின் பால் கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுத்தோம். அதுதான் காரணம் என்றார். முதல் வருஷத்துப் பாலில்தான் பிள்ளையின் வளர்த்தி முழுவதும் இருக்கிறதாம். அதே டின் பால் குடித்த மாரிமுத்துவின் மகன் வலது கையால்தான் என் பீடியைத் திருடினான்.

மாரிமுத்து ரத்தம் என்றான். "மச்சான் வீட்டுப் பக்கம் யாராச்சும் இருந்திருப்பாங்கக்கா. நம்ம வீட்ல கிடையாது."

"நம்ம வீட்ல அம்மா அம்மியரைக்கிறது எந்தக் கை?" என்று சிவகாமி கேட்டாள். மாரிமுத்து யோசித்தான். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

இத்தனையும் கேட்டுக்கொண்டேன். எனக்கென்று ஒரு காரணமும் இல்லை. வயிற்றில் நடந்ததை மாற்ற முடியாது. ரத்தத்தையும் மாற்ற முடியாது. அதனால் கவலையும் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னதுதான் என்னை ஆட்டிவிட்டது.

3

ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். தகரக் கூரை, ஒரே அறை, ஒரே வாத்தியார். நல்ல மனுஷன். சிலேட்டு இல்லாத பிள்ளைக்குத் தன் காசில் வாங்கிக் கொடுப்பவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

"பிள்ளைங்கறது பச்சை மண்ணு வண்டிக்காரரே. நாம எப்படிப் பிடிக்கறோமோ அப்படி வரும். இப்ப விட்டுட்டீங்கன்னா காஞ்சுடும். காஞ்ச பிறகு ஒண்ணும் பண்ண முடியாது. இடது கையைக் கட்டுங்க. ஆறு மாசம். இங்க நான் பாத்துக்கறேன், வீட்டுல நீங்க பாத்துக்குங்க."

மற்றவர்கள் சொன்னதில் என் பொறுப்பு ஒன்றும் இல்லை. இதில் எல்லாம் என் பொறுப்பு. அதனால் பயந்துவிட்டேன்.

பழைய வேட்டியைக் கிழித்து நாடா செய்தேன். மணிக்கட்டில் ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று. மாட்டுக்காரன் முடிச்சு. இழுத்தால் இறுகாது, தானாக அவிழவும் செய்யாது. ரத்தம் கட்டாமல் கட்டினேன். நல்ல முடிச்சு என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் அழவில்லை. மூன்றாம் வாரம் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவளே கையை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "பழகிடுச்சு பாத்தீங்களா" என்றான் மாரிமுத்து. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் மாசம் திக்க ஆரம்பித்தாள்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தோம். பிறகு அப்பா என்று கூப்பிட மூன்று தடவை முட்டினாள். எல்லாவற்றிலும் மோசம் அவள் பெயர். 'பா' என்று வாய் திறக்கும். அங்கேயே நிற்கும். கழுத்து நரம்பு புடைக்கும். கண் படபடக்கும். காலால் தரையை உதைப்பாள். அப்படியும் வராது.

தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகள் பாட்டுக் கட்டினார்கள்.

"பா பா பாக்கியம், பாதிப் பேரு பாக்கியம்!"

அதற்குப் பிறகு அவள் குழாயடிக்குப் போவதில்லை. கொஞ்ச நாளில் பேசுவதும் இல்லை. எது கேட்டாலும் தலையாட்டல்.

வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினோம். மாச்சே ஒரு பெரியவரிடம் ஓதின தண்ணீர் வாங்கி வந்தாள். மாரிமுத்து எங்கோ ஒரு ஆளைப் பிடித்துவிட்டு வந்தான்.

"நாக்குக்கு அடியில நரம்பு ஒட்டிக்கிட்டிருக்காம் மச்சான். ஒரே ஒரு வெட்டு. பேச்சு அருவி மாதிரி கொட்டுமாம்."

சிவகாமி அடுப்படியிலிருந்து அரிவாள்மனையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"முதல்ல உன் நாக்குல வெட்டிக் காட்டுடா. கொட்டுதான்னு பாப்போம்."

அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அந்தச் சமயத்தில் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இன்னும் இரண்டு மாசத்தில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார். வெள்ளைக்காரர். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து பெயர் சொல்ல வேண்டும். ஒரு பாடம் படிக்க வேண்டும்.

"பேரு சொல்லத் தெரியாத பிள்ளையைப் பட்டியல்ல வச்சிருந்தா என்னைத்தான் கேப்பாங்க. அன்னிக்குச் சொல்லலேன்னா பேரை எடுத்துடுவேன். வருத்தப்படாதீங்க."

பெயரை எடுத்துவிட்டால் மறுபடி சேர்ப்பது கிடையாது. அந்தப் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வேறு தமிழ்ப் பள்ளிக்கூடமும் கிடையாது. என் மகள் என்னைப் போலப் பெருவிரல் ரேகை வைத்துக் காலம் தள்ள வேண்டியதுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டு போதவில்லை என்று நினைத்தேன். பள்ளிக்கூட நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் மட்டும் கட்டிக்கொண்டிருந்தவன், விடிந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் கட்டினேன். இதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

4

ஏர் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பட்டணத்தில் இருந்து படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நுகத்தில் இரண்டு மாடு. ஒன்று இடத்து மாடு, ஒன்று வலத்து மாடு. எந்தப் பக்கம் பூட்டிப் பழகியதோ அந்தப் பக்கத்துக்கே அதன் கழுத்து, கால், காது எல்லாம் அமைந்துவிடும். இரண்டு பக்கமும் நடக்கிற மாடும் உண்டு. அபூர்வம். கன்று வளர்ந்து வரும்போதே எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் பூட்டுவோம். வண்டிக்காரனின் முதல் பாடம் இது.

என் சிவப்பு மாடு செவலை இடத்து மாடு. சாம்பல் நிற மயிலை வலத்து மாடு. மயிலை எந்தப் பக்கமும் போகும். செவலை போகாது.

அன்றைக்கு இரண்டு கப்பல் சேர்ந்தாற்போல வந்துவிட்டது. கரை முழுக்க மூட்டை. தொங்கான்காரர்கள் கத்துகிறார்கள். நான் கிடங்குச் சீட்டில் ரேகை வைத்துவிட்டு வருவதற்குள் மாரிமுத்து வண்டியைப் பூட்டிக் கிளப்பிவிட்டான். அவசரத்தில் மாடுகளை மாற்றிப் பூட்டிவிட்டான். செவலை வலத்தில்.

டிராம் தண்டவாளம் திரும்புகிற இடம். செவலைக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே இழுக்க வேண்டியது வெளியே இழுத்தது. முழங்காலை மடக்கித் தண்டவாளத்தில் விழுந்தது. வண்டி சாய்ந்தது. இரண்டு மூட்டை கிழிந்து அரிசி கொட்டியது. டிராம்காரன் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். மூட்டை தூக்குகிற சீனர்கள் கை தட்டிச் சிரித்தார்கள். செவலை நுரை தள்ளியது. கண்ணில் வெள்ளைதான் தெரிந்தது.

நான் ஓடினேன்.

"எவனாச்சும் இடத்து மாட்டை வலத்துல பூட்டுவானா?"

"அவசரம் மச்சான். ரெண்டும் மாடுதானேலா. ரெண்டு அடி குடுத்தா போவும்."

"போவும். எப்படிப் போவும்? கழுத்து ஒரு பக்கம் இழுக்குது. நீ ஒரு பக்கம் இழுக்கற. எந்தக் காலை முதல்ல எடுக்கறதுன்னு அதுக்கே தெரியல. நேத்து வரைக்கும் அது முட்டாள் மாடா? நீ பூட்டின பூட்டுல முட்டாளாயிடுச்சு. அடிக்கறியாம், அடி."

அந்த வருஷம் பூராவும் நான் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

பின்னால் சிவகாமி நின்றுகொண்டிருந்தாள். மத்தியானக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்ட நேரம் ஆனதால் பாக்கியமும் கூட வந்திருந்தாள். சிவகாமி தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் வீட்டுலயும் வந்து சொல்லுங்க" என்றாள்.



பாக்கியம் செவலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை இடுப்போடு இருந்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் சொன்ன பார்வை அதுதான்.

முதலில் மாட்டை அவிழ்த்து எழுப்பினேன். மயிலையை வலத்தில் பூட்டினேன். செவலையை இடத்தில் பூட்டினேன். தலையை ஒரு தடவை உதறிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. முழங்காலில் தோல் போயிருந்தது, வேறு சேதம் இல்லை. வாயால் ஒரு சத்தம் கொடுத்தேன். ஒன்றுமே நடக்காதது போல நடந்தது. டிராம்காரன் மணியை நிறுத்தினான்.

பிறகு தெருவிலேயே குந்தி உட்கார்ந்து பாக்கியத்தின் கட்டை அவிழ்த்தேன். சீக்கிரம் அவிழவில்லை. முடிச்சு நன்றாகத்தான் போட்டிருந்தேன். மணிக்கட்டில் வெளுத்த வளையம் ஒன்று இருந்தது.

அவள் அந்தக் கையால் செவலையின் முழங்காலைத் தொட்டாள். "வலிக்குதா செவலை?" என்றாள். திக்காமல் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாட்டுகிட்ட அவ என்னிக்குமே திக்கினதில்ல" என்றாள் சிவகாமி. "நீங்க கவனிக்கல."

5

மறுநாள் பள்ளிக்கூடம் போனேன்.

"கட்டலீங்க. நீங்களும் கட்டாதீங்க" என்றேன்.

"மாடும் பிள்ளையும் ஒண்ணா வண்டிக்காரரே?" அதற்குள் கரையில் நடந்தது அவர் காதுக்கு வந்திருந்தது.

"ஒண்ணு இல்லீங்க. மாட்டுக்கு அவ்வளவு பாத்தேன். பிள்ளைக்குப் பாக்கல."

"நான்தான் சொன்னேனே, பச்சை மண்ணுன்னு."

"மண்ணுக்கு எந்தப் பக்கமும் சாய்மானம் இல்லீங்க. இதுக்கு இருக்கு."

 சாக்பீஸை உருட்டினார்.

"இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் விடறேன். ஒரு மாசம் இருக்கு. அன்னிக்குப் பேரு வரலேன்னா என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

வீட்டில் சட்டம் போட்டது சிவகாமி. சாப்பிடுவதும், ஒருவர் கையில் ஒன்றைக் கொடுப்பதும் வலது கை. மற்றதெல்லாம் அவள் இஷ்டம். பாக்கியம் தலையாட்டினாள். இன்று வரைக்கும் அப்படித்தான். யாரும் கட்டவில்லை, அவளாகவே செய்தாள். மாச்சேயின் தட்டும் பின்னால் போவதை நிறுத்திவிட்டது.

"நாளைக்கு இடது கைக்காரிக்குக் கல்யாணம் ஆகணும்லாக்கா?" என்றான் மாரிமுத்து.

"உனக்கே ஆயிடுச்சு" என்றாள் சிவகாமி.

தினமும் காலையில் பாக்கியத்தை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். முன்னால் உட்காருவாள். செவலையிடம் பாடம் சொல்லுவாள். வரி வரியாக, தண்ணீர் போல. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். நான் கேட்கிறேன் என்று தெரிந்தால் நின்றுவிடும்.

முதல் வாரம் மனுஷரிடம் ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் வாரம் இன்னும் மோசம். வேட்டி நாடாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சிவகாமி வந்து அதை வாங்கி அடுப்புத் துடைக்க வைத்துக்கொண்டாள். கட்டை அவிழ்த்ததும் கதவு திறந்தது போலப் பேச்சு வந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மூன்றாம் வாரம், பாலத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தியிருந்தேன். சுமை அதிகம். அவள் கேட்டாள். செவலையிடம் இல்லை, என்னிடம்.

"அ... அப்பா, மேட்டுல ஏன் மாட்டை அடிக்காம சும்மா நிக்கறீங்க?"

"சும்மா இல்ல. சுமையை முதல்ல கழுத்துல வாங்கிக்கணும். வாங்கிக்கிட்ட பிறகு போன்னா போவும். அதுக்கு முன்னால அடிச்சா முட்டும்."

 மாடுகள் கழுத்தைச் சாய்த்தன. நுகம் கிறீச்சிட்டது. சத்தம் கொடுத்தேன். ஏறின.

பாலம் தாண்டியதும் பக்கத்தில் மூச்சு இழுக்கிற சத்தம். வாயைத் திறக்காமல் கொஞ்சம் பொறுத்திருக்கிறாள். பிறகு சொன்னாள்.

"பாக்கியம்."

நான் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்தேன். ரோடு சரியாகத் தெரியவில்லை.

அன்றைக்கு மூன்று தடவை சொன்னாள். நான் எண்ணினேன்.

அதே வண்டியில்தான் நானும் எழுத்துக் கற்றேன். சிலேட்டில் இடது கையால் எழுதிக்கொண்டே வருவாள். எழுத்தெல்லாம் நெல் நாற்றுப் போல வரிசையாக நிற்கும். "இது என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன். "உங்க பேருப்பா" என்றாள். அது வரைக்கும் என் பெயரை நான் பார்த்ததில்லை.

6

இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஒரு நடைச் சுமையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பள்ளிக்கூடத்து மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் கோட்டுப் போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியை மேசை மேல் வைத்திருந்தார். பக்கத்தில் துபாஷி ஒருவர், இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லுகிறவர்.

ஒவ்வொரு பிள்ளையாக எழுந்தது. பாக்கியத்தின் முறை வந்தது.

"உன் பெயர் என்ன?" என்று துபாஷி கேட்டார்.

எழுந்து நின்றாள். பேசவில்லை.

பின் வரிசையில் ஒருத்தி "பாதிப் பேரு" என்று மெள்ளச் சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள். வாத்தியாரின் கை மேசை மேல் இருந்த பட்டியல் புத்தகத்துக்குப் போனது. பக்கத்தைத் திருப்பினார். பேனாவை எடுத்தார். நான் பார்த்தேன்.

பாக்கியம் காலை உதைக்கவில்லை. கண் படபடக்கவில்லை. நின்றாள். சுமையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டிருந்தாள். அது எனக்கு மட்டும் தெரிந்தது.

"பாக்கியம். தகப்பனார் பெயர் வீராசாமி. வண்டிக்காரர்."

தகப்பன் பெயரை யாரும் கேட்கவில்லை. தொழிலையும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

பிறகு பாடம் படித்தாள். இரண்டு இடத்தில் முட்டியது. பொறுத்தாள். தாண்டினாள். பின் வரிசையில் சத்தமே இல்லை. பலகையில் எழுதச் சொன்னார்கள். இடது கையால் சாக்பீஸை எடுத்து எழுதினாள். கடைசி எழுத்து வரைக்கும் கோணவில்லை.

இன்ஸ்பெக்டர் என்னவோ கேட்டார். துபாஷி வாத்தியாரைப் பார்த்தார்.

"இந்தப் பெண் எப்பவுமே இடது கைதானான்னு துரை கேக்கறார்."

வாத்தியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க. நான்தான் அதுலயே எழுதச் சொன்னேன்."

எனக்கு ஜன்னலுக்கு வெளியே சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியார் திரும்பிப் பார்த்தார். அவரும் சிரித்தார். இருக்கட்டும். ஒரு மாசம் விட்டது அவர்தானே.

பட்டியல் புத்தகத்தில் அந்தப் பேனா எதையும் அடிக்கவில்லை. 'தேர்ச்சி' என்று எழுதியது.

அன்று சாயங்காலம் பாக்கியம் தானாகவே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சிவகாமி வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். பாட்டு ஒன்றும் கேட்கவில்லை. பாக்கியத்தின் குரல்தான் கேட்டது. வரிசையில் யார் முன்னால் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

7

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. எண்ணுவது மலாயில். தவுக்கேயோடு பேரம் பேசுவது சீனத்தில். ஊரிலிருந்து வருகிற கடுதாசியில் பாதி வார்த்தைக்கு என்னிடம் அர்த்தம் கேட்பாள். இது நம்ம ஊர்ப் பெண்தானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் சில நாள் கேட்டிருக்கிறேன். நான் கட்டிய இன்னொரு முடிச்சாக அந்தக் கேள்வி ஆகிவிடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

வாத்தியார் படிப்பில் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் ஒரு பாடம் உண்டாம். அந்தப் புத்தகத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். பிள்ளை ஒன்றும் எழுதாத சிலேட்டு என்று ஒருவர். எல்லாம் பிறவியிலேயே வருகிறது என்று ஒருவர். எல்லாம் முதல் வருஷத்து வளர்த்தியில்தான் என்று ஒருவர். நம் வாத்தியார், மாரிமுத்து, டிரஸ்ஸர் எல்லாருமே சீமையிலும் இருக்கிறார்கள் போல. மருத்துவச்சி மட்டும் இல்லை.

"திக்கறதுக்கு என்ன போட்டிருக்கு?"

"கையைக் கட்டறதால வரும்னு சிலர் சொல்றாங்கப்பா. இல்ல, பயத்தால வரும்னு சிலர். ரெண்டும் இல்லேன்னும் சொல்றாங்க. இன்னும் முடிவாகல."

"முடிவாகிற வரைக்கும் நீ என்ன செய்வ?"

"கட்ட மாட்டேன்."

எனக்கு அது போதும். எது காரணம் என்று எனக்கும் தெரியாது. கட்டினேன், பேச்சு நின்றது. அவிழ்த்தேன், பேச்சு வந்தது. பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

இனி ஆபீஸ்.

கிராணியின் கை காகிதத்தின் மேல். பாக்கியம் என்னைப் பார்க்கிறாள். இந்தத் தடவை நான் அவிழ்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தலையை மட்டும் அசைத்தேன். அவள் கிராணியின் பக்கம் திரும்பினாள். கொஞ்சம் பொறுத்தாள்.

"பரீட்சை எழுதினது இந்தக் கைதான் சார். மார்க் போட்டவங்க ஒண்ணும் கேக்கலியே."

"அது வேற. இதுக்குச் சட்டம் இருக்கும்மா."

"எந்தச் சட்டம்? காட்டுங்க."

அவர் பெரிய புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். பிறகு மூடிவைத்தார்.

"சரி, அதைப் பாப்போம். முதல்ல அப்பா ரேகை வைக்கட்டும்."

மை தடவிய அட்டையை நகர்த்தினார். என் வேட்டியையும் தோளையும் பார்த்தே ரேகைதான் என்று முடிவு செய்துவிட்டார். அதில் தப்பில்லை. கிடங்குச் சீட்டில் இன்றும் ரேகைதான் வைக்கிறேன். அங்கே பேனா கொடுப்பதில்லை. பழக்க தோஷத்தில் வலது கையை நீட்டினேன். அவர் அதைத் தள்ளிவிட்டார்.

"அது இல்ல பெரியவரே. கவர்மெண்டுக்கு இடது கைப் பெருவிரல்."

பாக்கியம் சிரித்துவிட்டாள். அந்த அறையில் யாரும் சிரிப்பதில்லை. எல்லா ஜன்னலும் திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார். எழுதத் தெரியாதவங்ககிட்ட கவர்மெண்டே இடது கையைக் கேட்டு வாங்குது. எழுதத் தெரிஞ்சவ அதையே நீட்டினா வேணாங்குது."

முதலில் சிரித்தவர் இரண்டாவது ஜன்னல்காரர். அதற்குள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருந்தார். "காதர் கடைத் தேத்தண்ணியை விட இது சூடா இருக்கேலா" என்றார். கிராணிக்குக் காது சிவந்தது. பிறகு அவருக்கும் உதடு விரிந்துவிட்டது. காகிதத்தின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

பாக்கியம் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். இடது கையால். சாவகாசமாக.

கிராணி மறுபடி மை அட்டையை என் பக்கம் தள்ளினார்.

"ரேகை வேணாம். பேனாவைக் குடுங்க" என்றேன்.

கவர்மெண்டுக் காகிதத்தில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை. வீ. ரா. சா. மி. நாலு எழுத்து. நேரம் எடுத்தது. அவசரப்படவில்லை. கிராணி காத்திருந்தார். கடைசி எழுத்தில் மை கொஞ்சம் கொட்டிவிட்டது. ஒற்றித் தாளால் அவரே ஒற்றினார். முத்திரை குத்தினார்.

"யாரு கத்துக் குடுத்தா பெரியவரே?"

"இந்த வாத்தியாரம்மாதான்."

வெளியே வந்தோம். வெயில் ஏறியிருந்தது. இப்போது இருப்பது மூன்றாவது செவலை. நிறம் கறுப்புத்தான். இடத்து மாட்டுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் அதே பெயர். பாக்கியம் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நுகத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

செவலையை இடத்தில் பூட்டினேன்.